550 மாடி இறங்கும் நாள்

கேள்வி இது: "அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கப் போகிறோம். எனக்கு 52 வயது. அக்காள் மகன் துணைக்கு வருகிறான். தோரோங் லா கணவாயின் ஏற்றத்தைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உச்சியைத் தொட்டுவிட்டால் அப்புறம் இறக்கம்தானே? மாலைக்குள் முக்திநாத் கோயில் சேர்ந்து, அங்கே உள்ள 108 நீர்த்தாரையிலும் நீராடி, அன்றைக்கே தரிசனத்தையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். முடியுமா?"

சேர்ந்துவிடலாம். நீராட வேண்டாம். தரிசனத்தையும் மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "அப்புறம் இறக்கம்தானே" என்ற அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு போய், முக்திநாத் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

முதலில் மலையின் அமைப்பு. (லா என்றாலே திபெத்திய மொழியில் கணவாய்தான். "கேட்டு வாசல்" என்பது போல நாமும் தோரோங் லா கணவாய் என்கிறோம், போகட்டும்.) கணவாயின் உயரம் 5,416 மீட்டர். கிழக்கே மனாங் பக்கம் நீங்கள் கடைசியாகத் தூங்கும் தோரோங் பேடி ஏறக்குறைய 4,500 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே ஹை கேம்ப் என்று இன்னொரு தங்குமிடமும் உண்டு. ஆகவே அன்றைய ஏற்றம் 900 மீட்டர் சொச்சம். மேற்கே முக்திநாத் கோயில் சுமார் 3,750 மீட்டரில். அப்படியானால் இறக்கம் 1,650 மீட்டருக்குக் குறையாது. ஏற்றத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் 550 மாடி. அதுவும் காலை நான்கு மணிக்கு எழுந்து, கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதி மட்டுமே கிடைக்கும் இடம் வரை ஏறி முடித்த பிறகு.

எல்லோரும் மனாங்கிலிருந்து முக்திநாத்துக்குப் போகிறார்களே தவிர, திருப்பி நடப்பவர்கள் மிகக் குறைவு. அதன் காரணமும் இந்தக் கணக்குதான். முக்திநாத்திலிருந்து ஒரே நாளில் 1,650 மீட்டர் ஏறினால் உயர நோய் (மெலிந்த காற்றுக்கு உடம்பு பழகாமல் வரும் தலைவலி, குமட்டல்) வரும் ஆபத்து அதிகம். இறங்கினால் வராது, முழங்கால்தான் போகும். இரண்டில் எது தேவலை என்று பார்த்து, பாதை இப்படி நிலைத்துவிட்டது. நம் முழங்காலை யாரும் கேட்கவில்லை.

இப்போது உடம்புக்கு வருவோம். பரணிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியிருக்கிறீர்களா? மேலே தூக்கி வைக்கும்போது மூச்சு வாங்கும். இறக்கும்போது மூச்சு வாங்காது, ஆனால் "தொப்பென்று விழுந்துவிடக் கூடாது" என்று கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே தாங்குகிறோம் அல்லவா, அப்போது புஜம் நடுங்கும். மலை இறங்கும்போது முன்தொடைத் தசை செய்வது இதே வேலை. ஏறும்போது தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. பாரத்தோடு நீளும்போது தசை இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிரேக். ஒரு வீட்டுப் படிக்கட்டின் உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் பத்தாயிரம் பிரேக்.

இதிலுள்ள வஞ்சகம் என்னவென்றால், இறக்கத்தில் இருதயமும் நுரையீரலும் சும்மாதான் இருக்கின்றன. மூச்சு சீராக வருகிறது, இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது, தலைவலி விலகுகிறது, மனம் பறக்கிறது. களைப்பு என்றால் மூச்சு வாங்குவது என்றே பழகிய நமக்கு, தொடை காலியாகிக்கொண்டிருப்பது தெரிவதே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு இறங்கிய பிறகு ஒரே நேரத்தில் தெரிகிறது.

எனக்குத் தெரிந்த இடத்தைச் சொல்கிறேன். காலை 4 மணிக்குப் பேடியை விட்டுக் கிளம்பி 9.20க்கு உச்சியில் இருந்தோம். கொடிகள், பெயர்ப் பலகை, அந்த உயரத்திலும் ஒரு தேநீர்க் கடை. படம் எடுத்தோம், கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் அழுதார். "முடிந்தது" என்று நான் சொன்னபோது எங்கள் வழிகாட்டித் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தான். "ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்" என்றான். விரலைக் கையுறையிலிருந்து எடுத்தால் விறைத்துவிடும் குளிர். கீழே போய்க் கட்டிக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு நான் செய்த தவறுகளில் முதல் தவறு அது.

ஏறும்போது கணுக்கால் மடங்க வேண்டும் என்பதற்காகக் கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்டியிருப்போம். அதே கட்டோடு இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கிக் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் முட்டும். ஒரு முட்டு ஒன்றுமில்லை. பத்தாயிரம் முட்டு என்றால் நகம் கறுத்து, இரண்டு மாதத்தில் கழன்று கையோடு வரும். எனக்கு வலது காலில் இரண்டு நகம் போயிற்று.

உச்சியிலிருந்து சராபு என்ற இடம் வரைதான் செங்குத்து. ஏறக்குறைய 1,200 மீட்டரை அங்கேயே இழக்கிறோம். மேற்குச் சரிவு என்பதால் காலை வெயில் அங்கே தாமதமாகத்தான் வரும். முந்தின நாள் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறைந்து கிடக்கும். அதைத் தாண்டினால் சரளை. பெருங்கல் என்றால் காலை நம்பி வைக்கலாம். இது, கெட்டித் தரையில் கேழ்வரகைக் கொட்டி வைத்தது போன்ற பொடிச் சரளை. இங்கே எல்லோரும் செய்வது உடம்பைப் பின்னால் சாய்ப்பது. பயத்தில் தானாகவே அப்படித்தான் சாய்கிறது. பின்னால் சாய்ந்தால் குதிகாலின் விளிம்பு மட்டும் தரையில் படுகிறது, அது சறுக்குகிறது, உட்கார்ந்துவிடுகிறோம். நான் உட்கார்ந்தேன், கையை ஊன்றி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டேன். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றான் தம்பி. நேபாளியில் மெதுவாக, மெதுவாக. அந்த நாளில் ஐம்பது முறையாவது கேட்டிருப்பேன்.

அப்போது தலையை நிமிர்த்தினால் எதிரே தவளகிரி நிற்கிறது, 8,167 மீட்டர். ஆனால் நடந்துகொண்டே பார்க்காதீர்கள். நின்று பாருங்கள். பார்த்து முடித்துவிட்டு நடங்கள். இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம் என்பதால் மரம், புல் என்று கண்ணுக்கு ஆறுதலாக எதுவும் இல்லை. காவி நிறத்தில் மொட்டை மலைகள், மிகக் கீழே பச்சைத் திட்டாக ஊர். அந்தத் திட்டு மணிக்கணக்காக அதே தூரத்தில் இருக்கும். இதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கால் வலியைவிட எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

சராபு ஏறக்குறைய 4,200 மீட்டர். சில கடைகள், தங்கவும் இடம் உண்டு. அங்கே நான் பெஞ்சில் உட்காரப் போனேன். பாதி வரை குனிந்தேன், அதற்கு மேல் தொடை தாங்காமல் விட்டுவிட்டது. மீதி தூரத்துக்குப் பலகையில் விழுந்தேன். ஷூவைக் கழற்றினேன். கால் உறையின் முனையில் ரத்தம் அரையணா அளவுக்கு ஊறியிருந்தது. முழங்காலுக்கு மேலே, தோலுக்கு அடியில் தசை தானாகவே துள்ளிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், கையையும் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்தில் பூண்டு சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் கால்சட்டையைச் சுருட்டித் தன்னுடையதைக் காட்டினார். இரண்டு பேரும் மொழி இல்லாமல் சிரித்தோம்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு யோசனை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தாலோ, கால் இப்படித் துள்ளினாலோ, இடம் இருந்தால் சராபுவிலேயே தங்கிவிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. அட்டவணையில் "பேடி முதல் முக்திநாத் வரை ஒரு நாள்" என்று அச்சிட்டவருக்கு உங்கள் முழங்காலைத் தெரியாது. சராபுக்குப் பிறகு பாதை சாந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாந்தமான இடத்தில்தான் விழுகிறோம். செங்குத்தில் எல்லோரும் ஜாக்கிரதை. சமதரை வந்ததும் பேச்சு ஆரம்பிக்கிறது, காலைத் தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்குவதில்லை, சிறு கல் தடுக்குகிறது, தடுத்து நிறுத்தத் தொடையில் சக்தி இல்லை. நான் இரண்டாவது முறை விழுந்தது கோயில் மதில் தெரிந்த பிறகு.

சரி, என்ன செய்யலாம்? கிளம்புவதற்கு முன் இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் மாடிப்படி ஏறிப் பயிற்சி செய்கிறார்கள். ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். அடுக்குமாடிக் காவலாளி உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். முதல் வாரம் பத்து மாடி போதும். மெல்ல நாற்பது, ஐம்பது என்று கூட்டுங்கள், பிறகு முதுகில் ஐந்து கிலோ பையோடு. ஒருமுறை இப்படிச் சேதப்பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படுவதில்லை. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். ஆகவே கடைசி மாதத்தில் இறக்கப் பயிற்சியை விடாதீர்கள், பயணத்துக்கு முந்தின வாரம் மட்டும் ஓய்வு. ஏற்கெனவே முழங்கால் தேய்மானம் இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பு எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஊன்றுகோல் இரண்டு. ஒன்றல்ல, இரண்டு. ஏறும்போது வைத்த நீளத்தைவிட இறங்கும்போது ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கோலை எட்டுவதற்காகவே குனிவீர்கள். கோல் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு கால். சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். மறுநாள் தோள் வலிக்கும். வலிக்கட்டும், தோளுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

அடி சின்னதாக. முழங்காலை முழுக்க நீட்டி விறைப்பாக ஊன்றாதீர்கள், எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். பாதை வளைந்து போனால் நீங்களும் வளைந்தே போங்கள். குறுக்கே இறங்கும் ஒற்றையடித் தடங்கள் இளைஞர்கள் ஓடி உண்டாக்கியவை. அக்காள் மகன் அதில் ஓடுவான். ஓடட்டும், கீழே காத்திருப்பான்.

ஷூ கயிறு விஷயம் சொல்லிவிட்டேன். உச்சியில் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் வளைவில் இரண்டு முறுக்கு முறுக்கி இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. நகத்தை நான்கைந்து நாள் முன்னதாகவே வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் வெட்டிய ஓரமே குத்தும். ஷூ வாங்கும்போது மாலையில் போய் வாங்குங்கள். நடந்து வீங்கிய காலுக்குப் பொருந்துவதுதான் உண்மையான அளவு. பனியில் வழுக்காமல் ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பாதி ஆண்டுகளில் தேவைப்படாது. தேவைப்படும் ஆண்டில் அதைத் தவிர வேறு எதுவும் உதவாது.

தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, குழாய் வைத்த தண்ணீர்ப் பையாக இருந்தால் குழாயே உறைந்துவிடும். சாதாரண பாட்டிலைக் கம்பளி உறைக்குள் திணித்து, மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. உச்சியில் பசி இருக்காது. ஆனாலும் ஏதாவது இனிப்பைத் தின்றுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வலி என்பது அன்றைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே வழிகாட்டி. தவிர, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேடியிலிருந்து உச்சிக்குக் குதிரை கிடைக்கும், காசு அதிகம். ஆனால் பெரும்பாலும் உச்சியோடு அதன் வேலை முடிந்தது. செங்குத்தான சரளையில் ஆளை ஏற்றிக்கொண்டு இறங்குவது குதிரைக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. ஆகவே குதிரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் இறக்கத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். மாறாக, கால் சந்தேகம் என்றால் ஏறுவதற்குக் குதிரை எடுத்துத் தொடையை இறக்கத்துக்குச் சேமிப்பது புத்திசாலித்தனம் என்பேன். சுத்த மலையேற்றக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் முழங்கால் அவர்களுக்கு. பையைச் சுமப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் அவருக்கும் இதே 550 மாடிதான் என்பதை நினைவில் வைத்து, பையைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள், அவர் காலில் என்ன ஷூ இருக்கிறது என்றும் பாருங்கள்.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முற்பகலிலேயே கணவாயில் காற்று எழத் தொடங்கும், கீழே காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் மண்ணை வாரி இறைக்கும். எல்லோரும் இருட்டில் கிளம்புவது இதனால்தான். வானிலை மோசம் என்று வழிகாட்டி சொன்னால் பேடியிலேயே உட்காருங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம், இரண்டே நாளில், அக்டோபர் 14 அன்று இந்தக் கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதி முழுவதிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கணவாயில் இறந்தவர்களில் பலர் முக்திநாத் பக்கம் இறங்கும்போது, இடுப்பளவுப் பனியில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். ஏறுகிற வழியில் சிக்கினால் வந்த தடத்தில் திரும்பிப் பேடிக்குப் போய்விடலாம். இறங்குகிற வழியில் சிக்கினால் திரும்புவதற்கு மேலே கணவாய்தான் இருக்கிறது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் சென்னைக்காரர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதாது, மனாங்கில் இருப்பவரும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

இனி தரிசனத்துக்கு வருகிறேன். முக்திநாத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்றே வைணவர்கள் கொள்கிறார்கள், 108 திவ்யதேசங்களில் ஒன்று. அதனால் நம்மவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், ஆனால் எதிர்ப்பக்கமாக. பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை விமானம், பிறகு ஜீப். நீங்கள் மேலே இருந்து வருவதால் ஒரு வேடிக்கை நடக்கும். பாதை முதலில் கோயிலைத்தான் தொடும். விடுதிகள் உள்ள ராணிபவ்வா அதற்கும் கீழே. அதாவது களைப்பின் உச்சத்தில், கோயில் மதிலை உரசிக்கொண்டு போவீர்கள். "வந்தது வந்துவிட்டோம், முழுக்குப் போட்டுவிடலாம்" என்று தோன்றும். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக, மாட்டுத் தலை வடிவிலான 108 வாய்களிலிருந்து கொட்டுவது பனி உருகிய தண்ணீர். முன்னால் இரண்டு குளம். நீர் வற்றி, சாப்பிடாமல், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நடந்த உடம்போடு, 3,750 மீட்டரில், மாலைக் காற்றில் அதில் நின்றால் மயங்கி விழுவதற்கும் குளிர் ஏறுவதற்கும் எல்லா ஏற்பாடும் நீங்களே செய்துகொண்டதாகும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். விடுதியில் வெந்நீர், தால் பாத் (நேபாளத்துப் பருப்பும் சோறும்), தூக்கம். மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்து ஆற அமர நீராடுங்கள்.

மறுநாள் மீண்டும் படி ஏற வேண்டுமே என்பீர்கள். ஏறலாம். ஏறுவது வலிக்காது, அதுதான் இந்த வலியின் குணம். இறங்குவதுதான் வலிக்கும், அதுவும் முதல் நாளைவிட இரண்டாம் நாள், சிலருக்கு மூன்றாம் நாள் உச்சம். அதனால் முக்திநாத்திலிருந்து காக்பேனிக்கு உடனே நடந்து இறங்கும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். அது இன்னொரு 900 மீட்டர் இறக்கம். ஜீப் இருக்கிறது.

நானும் மறுநாள் காலை ஏறிப்போய் நீராடினேன், பெருமாளைச் சேவித்தேன். திரும்பும்போது முதல் படியில் காலை வைத்தேன், தொடை முடியாது என்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று, பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினேன். பின்னோக்கி இறங்கினால் முன்தொடைக்குக் கொஞ்சம் இளைப்பாறல், நீங்களும் செய்து பாருங்கள். பாதியில், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த யாத்திரைக் கூட்டத்தில் ஒரு மாமி மூச்சு வாங்க ஏறி வந்தவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பெருமாளுக்கு முதுகு காட்டக் கூடாது என்றா இப்படி இறங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.